றால் பைக்கு அடியில் எட்டுக் குப்பி

மக்காவுக்கு உம்றாப் பயணம் போகிற காக்காவின், சொந்த அண்ணனின், முகத்தைப் பார்த்து, பொருந்த மாட்டேன் என்று சொன்ன பொம்பிளை நான்தான். பெயர் முஸ்பிறா. கல்முனைக்குடியில், வீட்டு முன்னறையில் தையல் மெஷின் போட்டு அபாயா தைக்கிறேன். நான் சொன்ன அந்த ஒரு சொல் இப்போது பக்கத்து ஊர் சாய்ந்தமருது வரைக்கும் போய்விட்டதாம். மீன் வாங்கப் போனால் என்னைக் கண்டதும் கதை நிற்கிறது. பேர் சொல்லாமல் பள்ளிவாசலில் ஒரு பயானும் நடந்ததாகக் கேள்வி. நடக்கட்டும். கதைக்கிறவர்கள் பாதியைத்தான் கதைக்கிறார்கள், மீதியை நான் சொல்கிறேன்.

எங்கள் பக்கத்தில் ஹஜ்ஜுக்கோ உம்றாவுக்கோ போகிறவர்கள் புறப்படுவதற்கு முன்னால் வீடு வீடாகப் போய்ப் பயணம் சொல்வார்கள். "ஏதும் பிழை செஞ்சிரிந்தாப் பொருந்திக்கங்க" என்பார்கள். மனிதனுக்கு மனிதன் செய்த பிழையை அந்த மனிதன்தான் முதலில் மன்னிக்க வேண்டும் என்பதால் இந்த வழக்கம். கேட்கப்பட்டவர், "பொருந்திட்டன், நீங்களும் பொருந்திக்கங்க" என்று சொல்லி, தேத்தண்ணி கொடுத்து அனுப்புவார். எனக்குத் தெரிய வேறு பதில் யாரும் சொன்னதில்லை. நான் சொல்ல வேண்டி வரும் என்று நானும் நினைத்ததில்லை.

என் மகள் ஸம்றாவுக்குப் பதினாலு வயது. ஒன்பது வயதில் ஒருதரம், போன வருஷம் ஒருதரம், மூளையை மூடியிருக்கிற சவ்வுக்குள் கிருமி போய்க் காய்ச்சல் வந்து சாகக் கிடந்தாள். கழுத்தை மடக்க ஏலாது. வெளிச்சத்தைப் பார்க்க ஏலாது. காலெல்லாம் ஊதாப் புள்ளி. இரண்டு தரமும் ஒரே கிருமி. முதல்தரம் பிழைத்தபோது சொந்தக்காரர் எல்லோரும் அல்ஹம்துலில்லாஹ் சொன்னார்கள். இரண்டாம் தரம் வந்தபோது அவர்களுடைய வாய் திறந்துகொண்டது. கண்ணூறு என்றார்கள். தாய் மெஷினே கதியென்று கிடந்தால் பிள்ளை இப்படித்தான் என்றார்கள். உடம்பில் சத்தில்லை, ஆட்டுக்கால் சூப் வைத்துக் கொடு என்றார்கள். ஆறு மாதம் வைத்துக் கொடுத்தேன். ஊரில் ஆடுதான் குறைந்தது.

வேறு மாதிரி யோசித்தவர் ஆஸ்பத்திரியில் டொக்டர் நிரோஜினி ஒருவர்தான். திருக்கோவில் ஊர்ப் பிள்ளை, என்னைவிட வயது குறைவு. "ஒரே கிருமி ரெண்டு தரம் உள்ளுக்குப் போயிருக்கெண்டா, இவட ரத்தத்தில என்னவோ ஒண்டு குறையுது. அதைத் தேடுவம்" என்றார். இரத்தம் எடுத்துக் கொழும்புக்கு அனுப்பினார்கள். பஸ்ஸில் போன இரத்தம் சூடாகிப் போய்ச் சேர்ந்தது, சோதிக்க ஏலாது என்று சொல்லிவிட்டார்கள். என் புருஷன் மிஹ்லார் கொழும்புக்கு மீன் ஏற்றுகிற கூலர் லொறி ஓட்டுகிறார். இரண்டாவது தடவை அவரே ஐஸ் போட்டுக் குளிர் குறையாமல் கொண்டுபோய்க் கொடுத்தார். மூன்று கிழமையில் பதில் வந்தது.

டொக்டர் என் விரலில் ஒட்டியிருந்த சோக்குத் தூளைப் பார்த்துவிட்டு, "துணி வந்தா முதல்ல என்ன செய்வீங்க?" என்று கேட்டார்.

"சோக்கால கோடு போடுவன்."

"பிறகு?"

"கத்தரியால வெட்டுவன்."

"இதுவும் அப்படித்தான்" என்று அவர் ஒரு கடதாசியில் படம் போட்டுக் காட்டினார். கிருமி உள்ளே வந்தால் பிறபொருளெதிரி என்கிற சாமான் போய் அதன் தோலில் ஒட்டிக்கொள்ளும். ஸம்றாவின் விஞ்ஞானப் புத்தகத்திலும் அந்தச் சொல் இருக்கிறது. அது கிருமியைத் தானாகக் கொல்வதில்லை, இவன்தான் கள்ளன் என்று அடையாளம் போடுகிறது. அது என் சோக்கு. அந்த அடையாளத்தைக் கண்டதும், இரத்தத்தில் சும்மா மிதந்துகொண்டிருக்கிற வேறு புரதங்கள் விழிக்கும். நிரப்புப் புரதம் என்று அவற்றுக்குப் பெயர். ஒன்று அடுத்ததை எழுப்ப, அது அதற்கடுத்ததை எழுப்ப, வரிசையாக வரும். முன்னுக்கு வருகிறவை கிருமியின் மேல் பூசிக்கொள்ளும், வெள்ளணுக்கள் வந்து பிடித்துத் தின்பதற்கு வசதியாக. கடைசியில் வருகிற ஐந்தாவது முதல் ஒன்பதாவது வரை ஒன்றாகச் சேர்ந்து கிருமியின் தோலில் ஓட்டை போடும். ஓட்டை வழியாகத் தண்ணீர் புகுந்து கிருமி வெடித்துச் சாகும். அதுதான் கத்தரி.

என் மகளிடம் ஆறாவது இல்லை. மற்ற எல்லாம் இருக்கிறது.

எனக்கு அது அந்த இடத்திலேயே விளங்கிவிட்டது. கத்தரியில் இரண்டு அலகும் இருக்கிறது, நடுவில் ஆணி இல்லை. ஆணி இல்லாத கத்தரியால் ஒரு நூலை வெட்ட ஏலுமா? வேறு கிருமிகளுக்கு உடம்பு வேறு வழி வைத்திருக்கிறதாம். இந்த ஒரு இனத்துக்குத்தான் அந்த ஓட்டை முக்கியம். பிறக்கும்போதே வந்த குறை, தாயிடம் பாதி, தகப்பனிடம் பாதி. கண்ணூறும் இல்லை, மெஷினும் இல்லை, சூப்பும் இல்லை. நான் ஆஸ்பத்திரி வாங்குப் பலகையில் உட்கார்ந்து அழுதேன். அத்தனை மாதமும் என்னைத் தின்ற வாய்களை நினைத்துத்தான் அழுதேன்.

"ஆணியப் போட ஏலாதா டொக்டர்?"

"ஏலாது. ஆனா சோக்கைக் கூட்டலாம். தடுப்பூசி போட்டா அந்தக் கிருமிக்கெண்டே பிறபொருளெதிரி நிறைய வரும். அடையாளம் கூடினா, ஓட்டை போடாட்டியும் வெள்ளணுக்கள் பிடிச்சுத் தின்னும். இது கட்டாயம் போடோணும். மூண்டாம் தரம் வந்தா நான் ஒண்டும் சொல்லேலாது."

அந்த ஊசி யாருக்கு வருகிறது என்று அவர் சொன்னபோது எனக்குச் சந்தோஷத்தில் சிரிப்பே வந்துவிட்டது. ஹஜ்ஜுக்கும் உம்றாவுக்கும் போகிறவர்களுக்கு. உலகமெல்லாம் இருந்து சனம் வந்து நெருங்கி நிற்கிற இடத்தில் ஒருவருடைய தொண்டையிலிருந்து இன்னொருவருடைய தொண்டைக்கு இந்தக் கிருமி தொற்றும் என்பதால், போட்டுக்கொண்டு மஞ்சள் அட்டையில் பதிந்தால்தான் விசா. என் மூத்த காக்கா ஜெமீல் வருஷத்துக்கு மூன்று தரம் உம்றாக் குழு கொண்டுபோகிறவர். ஊரில் ஜெமீல் ஹாஜியார் என்றால் தெரியாதவர் இல்லை. என் பிள்ளைக்குத் தேவையான மருந்து என் காக்காவின் கையில். அல்லாஹ் எவ்வளவு இலேசாக்கி வைத்திருக்கிறான் என்று நினைத்தேன்.

டொக்டரின் கடிதத்தோடு போனேன். "இன்ஷா அல்லாஹ், பாப்பம் புள்ள" என்றார். ஒரு மாதம் கழித்துக் கேட்டேன். "இன்ஷா அல்லாஹ்" என்றார். கடைகளில் தேடினால், இந்தப் பருவத்துக்கு வந்ததையெல்லாம் குழுக்காரர்கள் முன்கூட்டியே எடுத்துவிட்டார்கள் என்ற பதில். மூன்றாம் மாதம் காக்கா சொன்னார்: "இருவத்திரெண்டு பேருக்கு இருவத்திரெண்டு குப்பிதான் வந்திரிக்கி. பேர்ப்படி வந்த சாமான். மத்தவன்ட அமானிதத்த எடுத்து உன்ட புள்ளைக்குக் குடுக்க ஏலுமா, நீயே சொல்லு." நம்பி ஒப்படைத்த பொருள், அமானிதம் என்று சொன்னதும் நான் வாயை மூடிக்கொண்டு வந்தேன். இன்னொருவருக்குரியதை என் பிள்ளைக்குப் பறிக்கிறவள் இல்லை நான்.

குழுப் பெண்களுக்குப் பச்சைக் கரை வைத்து பர்தாத் துணி தைக்கிற வேலையைக் காக்காவின் மனைவி, என் மதினி, என்னிடம்தான் தந்திருந்தார். தைத்து முடித்து ஒரு புதன்கிழமை லுஹர் தொழுகைக்கு முன்னால் அவர்கள் வீட்டுக்குக் கொண்டுபோனேன். நல்ல வெயில். மதினி றபீக்கா அடுப்படியில் கை வேலையாக நின்றார். "பிரிட்ஜில மேல்தட்டில ஐஸ் இரிக்கி, எடுத்துத் தண்ணியில போட்டுக் குடி" என்றார்.

மேல்தட்டைத் திறந்தேன். ஐஸ் கட்டிப் பிடிக்கிற பெட்டிப் பகுதி. ஒரு பெரிய பையில் றால் இருந்தது. இழுத்தேன். அதற்குக் கீழே சின்னச் சின்ன வெள்ளைப் பெட்டிகள். டொக்டர் எழுதித் தந்த மருந்தின் பெயரை நான் மூன்று மாதமாகக் கைப்பைக்குள் வைத்து மனப்பாடம் செய்திருக்கிறேன். அதே பெயர். எண்ணினேன். எட்டு.

"மதினி, இது என்ன?"

"அது ஊசி மருந்து. எட்டுப் பேருக்கு மிச்சம். ஊசி போட்டாக் காய்ச்சல் வரும், கை வீங்கும், பயணத்துல கரைச்சல் எண்டு அவங்க போடல்ல. அந்த எட்டில உங்கட காக்காவும் ஒராள். அட்டைய நிரப்பி எடுத்தாச்சி."

நிரப்பி எடுத்தாச்சி. சுளகில் அரிசி புடைத்து முடிந்தது என்பதுபோல அவ்வளவு இலேசாகச் சொன்னார். காக்கா முன்வாசலில் போனில் கதைத்துக்கொண்டிருந்தார். நான் ஒரு பெட்டியைக் கையில் தூக்கிக்கொண்டு போய் அவர் முன்னால் நின்றேன்.

"இதுவா காக்கா அமானிதம்?"

அவர் போனை மெதுவாக வைத்தார். "சத்தம் போடாத. அது பேர்ப்படி வந்த சாமான்."

"பேர்ப்படி வந்ததப் பேர்க்காரனுக்குப் போட்டீங்களா? போடல்ல. போட்டதா எழுதினீங்களா? எழுதினீங்க. றாலுக்குக் கீழ போட்டு வச்சிட்டு என்ட புள்ளைக்கு மட்டும் அமானிதம் கதைக்கிறீங்க."

"உனக்கு வாய் கூடிட்டு. ஒண்டக் கொண்டு போ. ஆருக்கும் சொல்லாத."

கொண்டு வந்தேன். வெட்கமில்லாமல் கொண்டு வந்தேன். ஓட்டோவில் வரும்போது அந்தப் பெட்டியை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு ஸலவாத்துச் சொன்னேன். வீட்டில் மிஹ்லார் லொறிக்குப் போக ஆயத்தமாக நின்றார். பெட்டியை வாங்கிக் குப்பியை எடுத்து ஆட்டிப் பார்த்தார். உள்ளே ஆடவில்லை.

"இது கட்டியாகிக் கிடக்கே. எங்க வச்சிரிந்தாங்க?"

"ஐஸ் பெட்டிக்குள்ள."

"ஐஸ்ல வைக்கிறது வேற, கட்டியாக்கிறது வேற. மீனே ஒருக்காக் கட்டியாகி உருகினா ருசி போய்த்திடும். டொக்டர்ட்டக் கேளு."

நடந்ததைச் சொல்லிக் குப்பியைக் கொடுத்ததும் டொக்டரின் முகம் மாறியது. பெட்டியைத் திருப்பி எழுத்தைக் காட்டினார். உறைய விடக் கூடாது, உறைந்தால் எறிந்துவிடவும் என்று பெட்டியிலேயே அச்சடித்திருக்கிறது. "இதைப் போட்டா ஊசி குத்தின நோவு மட்டும்தான் மிச்சம். மருந்து செத்துப்போச்சு, முஸ்பிறா." "எட்டுக் குப்பியுமா?" என்று மட்டும் கேட்டார். எட்டும் என்றேன்.

பார்த்தீர்களா? கொடுத்திருந்தால் ஒரு பிள்ளை பிழைக்கும். கொடுக்கவும் இல்லை, போடவும் இல்லை, பத்திரமாக வைக்கவும் தெரியவில்லை. குளிர் கூடினால் காவல் கூடும் என்று நினைத்த அறிவு. ஊருக்கே உம்றாவின் ஒழுங்கு படித்துக் கொடுக்கிற மனிதருக்குப் பெட்டியில் இருக்கிற ஒரு வரியைப் படிக்க நேரமில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. போன வருஷம் ஸம்றாவுக்குக் காய்ச்சல் வந்தது, காக்காவின் குழு திரும்பி வந்த ஒன்பதாம் நாள். காக்கா ஈத்தம்பழமும் ஸம்ஸம் தண்ணியும் கொண்டு வந்தார், பிள்ளையை அணைத்து நெற்றியில் கொஞ்சினார். அதிலிருந்துதான் வந்ததா என்று டொக்டரிடம் கேட்டேன். "வந்ததெண்டும் சொல்லேலாது, வரல்ல எண்டும் சொல்லேலாது. நோய் இல்லாமலே தொண்டையில கிருமியக் காவித் திரியலாம். ஊசி போட்டவர் காவுறது குறையும்" என்றார். எனக்கு அது போதும். இந்த வருஷமும் எட்டுப் பேர் வெறும் தொண்டையோடு போய், வெறும் தொண்டையோடு என் வாசலுக்கு வருவார்கள்.

வெள்ளிக்கிழமை அஸர் தொழுகைக்குப் பிறகு காக்கா பயணம் சொல்ல வந்தார். பயணத்துக்கு இன்னும் பதினெட்டு நாள் இருந்தது. பெரிய குடும்பம், எல்லா வீட்டுக்கும் போக வேண்டுமே, அதனால் முந்தியே தொடங்கிவிட்டார். வெள்ளை ஜுப்பா, அத்தர் மணம், பின்னால் மதினி. பக்கத்து வீட்டு ஆயிஷா உம்மாவும் அந்தக் குழுவில் போகிறவர், தானும் பயணம் சொல்ல அதே நேரம் வந்து கதிரையில் இருந்தார். அக்கம்பக்கத்துப் பெண்கள் நாலைந்து பேர் வாசலில் நின்றார்கள்.

காக்கா என் கையைப் பிடித்தார். "தங்கச்சி, ஏதும் பிழை செஞ்சிரிந்தாப் பொருந்திக்க."

"பொருந்த மாட்டன் காக்கா."

அவர் சிரிக்கப் பார்த்தார், நான் விளையாடுகிறேன் என்று நினைத்து.

"பயணம் போறவனுக்கு இப்பிடிச் சொல்லக் கூடா புள்ள" என்று மதினி என் தோளைத் தொட்டார்.

"ஊசி போடாம அட்டைய நிரப்பக் கூடும், இது மட்டும் கூடாதா? எட்டுக் குப்பியக் கட்டியாக்கிக் கொல்லக் கூடும், இது கூடாதா? என்ட புள்ள மூணாந்தரமும் விழுந்தா, நீங்க ஆர்ட்டப் போய்ப் பொருத்தம் கேப்பீங்க? செத்த மையத்துக்கிட்டயா?"

காக்காவின் முகம் கறுத்தது. "பொம்புள வாயால ஊரக் கூட்டாத" என்றார்.

அப்போதுதான் ஆயிஷா உம்மா கதிரையில் நிமிர்ந்தார். மூன்று வருஷமாகச் சீட்டுக் கட்டி இந்தப் பயணத்துக்குச் சேர்த்த மனுசி. "மகன் ஜெமீல், எனக்கும் நீ ஊசி தேவல்ல, வயசுக்குத் தாங்காது எண்டுதானே சொன்ன. அப்ப என்ட அட்டையில என்ன எழுதிரிக்கி?"

காக்கா ஜுப்பாப் பைக்குள் போனைத் தேடினார்.

"போட்டதா எழுதிரிக்கா?"

"எல்லாரும் செய்யிறதுதான் உம்மா. ஒரு சின்ன விஷயம்."

"கஃபாவுக்கு முன்னுக்குப் போய் நிக்கப் போறன். பையில ஒரு பொய்யக் கட்டிக்கிட்டு நான் போக மாட்டன். எனக்கு ஊசியப் போடு, இல்லாட்டி என்ட பேர வெட்டு. மத்த ஆறு பேருக்கும் நானே போய்ச் சொல்றன்." அவர் எழும்பி செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு அப்போதே புறப்பட்டுவிட்டார். தேத்தண்ணி கூடக் குடிக்கவில்லை.

ஆயிஷா உம்மாவின் கால் அன்று எத்தனை வாசல் ஏறியதோ தெரியாது. மறுநாள் எட்டில் ஆறு பேர் காக்காவின் வீட்டில் நின்றார்களாம். ஆனால் ஊரில் பரவியது அந்தக் கதை இல்லை. முஸ்பிறா பொருந்தவில்லை என்பதுதான் பரவியது. பொய் அட்டை சின்ன விஷயம், பொம்பிளை வாய் பெரிய விஷயம். எங்கள் ஊரின் தராசு அப்படி.

காக்கா கொழும்புக்கு ஓடினார். யாரைப் பிடித்தாரோ, எப்படி எடுத்தாரோ, நான் கேட்கவில்லை. குளிர்ப் பெட்டியில் ஒன்பது குப்பி வந்தது. எட்டு அந்த எட்டுப் பேருக்கு, ஒன்பதாவது டொக்டரின் கடிதத்துக்கு. மிஹ்லார்தான் லொறியில் கொண்டு வந்தார். வழியில் மூன்று இடத்தில் நிறுத்தி, உறையாமலும் சுடாமலும் இருக்கிறதா என்று பார்த்தாராம். பயணத்துக்குப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது டொக்டர் நிரோஜினியிடம் போனோம். ஒன்பது குப்பியையும் அவர் ஒவ்வொன்றாகத் தூக்கி ஆட்டிப் பார்த்த பிறகுதான் ஊசியைக் கையில் எடுத்தார்.

முதலில் ஸம்றா. கண்ணை மூடாமல் பார்த்துக்கொண்டே போட்டுக்கொண்டாள். பிறகு ஆயிஷா உம்மா, பிஸ்மி சொல்லி. காக்கா கடைசியில். ஜுப்பாக் கையை மடித்துவிட்டு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பினார். இருபது வருஷமாகக் குழு கொண்டுபோகிற மனிதர் இத்தனை நாளும் பயந்து ஓடினது இந்த ஒரு ஊசிக் குத்துக்குத்தான் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. என் சிரிப்பை அடக்கிக்கொண்டேன், ஆத்திரம் அடங்கவில்லை.

வெளியே வந்ததும் அவர் என்னை மறித்தார். நெற்றியில் வேர்வை. "இனியாவது பொருந்து தங்கச்சி. உன்ட புள்ளைக்குக் கிடைச்சிட்டுத்தானே. இத மனசில வச்சிக்கிட்டு என்னால கஃபாவச் சுத்தித் தவாப் செய்ய ஏலா."

நான் ஸம்றாவைப் பார்த்தேன். அவள் தோளில் ஒட்டியிருந்த சின்னப் பஞ்சைத் தடவிக்கொண்டு நின்றாள். டொக்டர் உள்ளே வைத்துச் சொன்னது எனக்கு மறக்கவில்லை. மற்றவர்களுக்கு ஒன்று போதும். இவளுக்குக் காணாது. எட்டுக் கிழமைக்குப் பிறகு இரண்டாவது போட வேண்டும், அப்போதுதான் அடையாளம் உறுதியாக விழும். அதற்குப் பிறகும் ஐந்து வருஷத்துக்கு ஒருதரம்.

"பாதி பொருந்திட்டன் காக்கா."

"பாதியா? பாதி பொருந்துறதெண்டு மார்க்கத்தில எங்க இரிக்கி?"

"நிரப்பின அட்டை இரிக்கிற இடத்துக்குப் பக்கத்தில தேடிப் பாருங்க."

அவருடைய கையைப் பிடித்து ஸலாம் சொன்னேன். போகிற மனிதர், என் கூடப் பிறந்தவர், அவருக்காகத் துஆச் செய்யாமல் இருப்பேனா? செய்வேன்.

"போய் நல்லபடியா வாங்க. வந்து, எட்டுக் கிழமை முடியக்குள்ள அடுத்த குப்பியோட என்ட வாசலுக்கு வாங்க. மத்தப் பாதிய அண்டைக்குத் தாறன். பிரிட்ஜில கீழ்த்தட்டில வைங்க காக்கா, றாலோட வைக்காதீங்க."